திரும்பி வந்த சிட்டிசன்சிப் விண்ணப்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காபரோவில் ஒரு நூலக மேசையில் சனிக்கிழமை காலைகளில் இருந்து, கனடியக் குடியுரிமைப் படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு உதவி செய்கிறேன். காசு வாங்குவதில்லை, நான் சட்டத்தரணியும் இல்லை. ஆனால் நிரப்ப வருகிறவர்களைவிட, நிரப்பி அனுப்பித் திரும்பி வந்த கவரைக் கையில் பிடித்துக்கொண்டு முகம் வாடி வருகிறவர்கள்தான் கூட. அவர்கள் கேட்பதும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான், அதனால் எழுதி வைத்துவிட்டேன். பி.ஆர், அதாவது நிரந்தர வதிவுரிமை, எடுத்துப் பிறகு குடியுரிமை கேட்கிற பெரியவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் மட்டும்தான் இது.

கவரை அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்கள். என்னை ரிஜெக்ட் பண்ணிட்டாங்களோ?

இல்லை. நிராகரிப்பதென்றால் குடிவரவுத் திணைக்கள அதிகாரி ஒருவர் உங்கள் கோவையைத் திறந்து, தகுதி பார்த்து, முடிவெடுத்துக் காரணம் எழுத வேண்டும். உங்களுடையது அவ்வளவு தூரம் போகவே இல்லை, வாசலிலேயே நின்றுவிட்டது. குடியுரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, சரியான படிவத்தில், கேட்ட தகவலும் ஆதாரமும் கட்டணமும் சேர்ந்து வந்தால்தான் ஒரு விண்ணப்பத்தைப் பரிசீலனைக்கே எடுப்பார்கள். அதில் ஒன்று குறைந்தால், என்ன குறை என்று ஒரு கடிதம் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள்.

இது உங்கள் பெயரில் ஒரு கறையாக நிற்காது. திருத்தி அனுப்பினால் புது விண்ணப்பமாகத்தான் எடுப்பார்கள். நட்டம் வேறு ஒரு இடத்தில் இருக்கிறது: உங்கள் பழைய கையொப்பத் திகதி போய்விடுகிறது. சிலருக்கு அதனால் ஒன்றும் ஆகாது, சிலருக்கு அதுதான் பெரிய அடி. அதைக் கீழே சொல்கிறேன்.

அனுப்பி விட்டாச்சு. எடுத்தாங்களோ இல்லையோ எண்டு எப்படித் தெரியும்?

எல்லாரும் ஏ.ஓ.ஆர் என்று சொல்கிற அந்தக் கடிதம் அல்லது மின்னஞ்சல் வர வேண்டும். "உங்கள் விண்ணப்பம் கிடைத்தது" என்ற அறிவித்தல்தான் அது. குறை ஏதும் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அதை அனுப்புவார்கள். கடதாசி விண்ணப்பங்கள் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் சிட்னி என்ற ஊருக்குப் போகின்றன, ஆஸ்திரேலியா சிட்னி இல்லை, ஒரு அண்ணை உண்மையாகவே கேட்டார். தபால் ட்ராக்கிங்கில் "கையளிக்கப்பட்டது" என்று காட்டினால் கவர் கட்டடத்துக்குள் போய்விட்டது என்று மட்டும்தான் அர்த்தம்.

இந்த ஏ.ஓ.ஆரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்திய குறைக்கு ஒரு விதி, பிந்திய குறைக்கு இன்னொரு விதி.

எல்லாம் வடிவா நிரப்பித்தானே அனுப்பினேன், என்ன குறை இருக்கப் போகுது?

ஒரு மாமி வந்தார். கடந்த 5 வருடத்தில் எங்கே வேலை செய்தீர்கள் என்ற அட்டவணையில் ஒரு பேக்கரி, அப்புறம் ஒரு பகல்நேரப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் என்று முத்து முத்தாக எழுதியிருந்தார். இரண்டுக்கும் நடுவில் 7 மாதத்தைக் காணவில்லை. "அப்ப நான் வீட்டில சும்மா இருந்தனான் தம்பி, வேலை இல்லாததை எப்படி எழுதுறது?" என்றார். எழுதத்தான் வேண்டும். வேலை இல்லை, வீட்டில் இருந்தேன், ஆங்கில வகுப்புக்குப் போனேன், எதுவானாலும் ஒரு மாதமும் வெறுமையாக நிற்கக்கூடாது. முகவரிக்கும் இதேதான். நடுவில் மூன்று மாதம் தங்கச்சி வீட்டு பேஸ்மெண்டில் இருந்திருந்தால் அதுவும் ஒரு முகவரிதான். தபால்பெட்டி எண் முகவரியாகாது.

அடுத்தது வரிக் கேள்வி. 5 வரி ஆண்டுகளில் எந்தெந்த ஆண்டு வரிப்பத்திரம் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது, எதில் செய்தீர்கள் என்று ஆண்டுவாரியாகக் கேட்பார்கள், எல்லா ஆண்டுக்கும் பதில் போட வேண்டும். அதைத் தாண்டினால் கையொப்பம். கையொப்பம் இல்லாமல் வருவது, நாளைய திகதி போட்டு வருவது, கையொப்பமிட்டு 90 நாளுக்கு மேல் மேசையில் கிடந்து வருவது மூன்றும் திரும்பி வரும். என்னுடைய சொந்த விண்ணப்பத்திலேயே கையொப்பம் போட்டேன், திகதி போட மறந்தேன். மேசையில் இருந்து மற்றவர்களுக்குச் சொல்கிற யோக்கியதை அங்கேதான் வந்தது.

எனக்கு இங்கிலீஷ் நல்லா வரும், கனடியன் கம்பனியில 9 வருஷமா வேலை. மொழிச் சான்று வேணுமோ?

கையொப்பமிடும் நாளில் உங்களுக்கு 18 முதல் 54 வயது என்றால் வேண்டும். நீங்கள் எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள் என்பது அப்புறம் அதிகாரி பார்க்கும் விடயம். கோவை வாசலைத் தாண்ட ஒரு கடதாசி உள்ளே இருக்க வேண்டும். ஐ.ஈ.எல்.ரி.எஸ், செல்பிப் போன்ற தேர்வு முடிவு, அல்லது அரசு நடத்தும் ஆங்கில வகுப்பில் 4ஆம் நிலை முடித்த சான்றிதழ், அல்லது ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ படித்த உயர்நிலைப்பள்ளி, கல்லூரி அத்தாட்சி. இலங்கையில் படித்ததும் சரி, ஆனால் ஆங்கில மொழிமூலம் படித்ததாக அந்தப் பத்திரம் காட்ட வேண்டும். ஏ.எல் என்கிற உயர்தரப் பரீட்சையைத் தமிழில் எடுத்தவருக்கு அது உதவாது. பி.ஆருக்கு எடுத்த தேர்வு முடிவு காலாவதியாகி இருந்தாலும் குடியுரிமைக்கு ஏற்கிறார்கள், அதை எறிந்துவிட்டுத் திரும்பத் தேர்வெழுதிக் காசைக் கரைக்காதீர்கள்.

"64 வயசுவரை வேணுமாமே" என்று கேட்கிறவர்கள் 2015இல் இருந்த விதியைச் சொல்கிறார்கள். அப்போது 14 முதல் 64 வயது வரை கேட்டார்கள், 6 வருடத்தில் 1460 நாள் கனடாவில் இருந்திருக்கவும் வேண்டும். 2017 ஒக்டோபர் 11இல் அது மாறியது. இப்போது 5 வருடத்தில் 1095 நாள்.

ஒன்லைனில போட்டால் திரும்பி வராதாமே? பெட்டி வெறுமையா இருந்தால் அதுவே விடாதாமே?

வெறும் பெட்டியை விடாது என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் நீங்கள் ஏற்றிய கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று அது பார்க்காது. கடவுச்சீட்டின் படப் பக்கத்துக்குப் பதிலாக மேலட்டையை ஏற்றியவர், சாரதி அனுமதிப்பத்திரத்தைப் படம் பிடிக்கும்போது பெருவிரல் சரியாகக் காலாவதித் திகதியில் இருந்தவர், இரண்டு அடையாள அட்டைக்கும் ஒரே படத்தை இரண்டு தரம் போட்டவர், எல்லாரையும் பார்த்திருக்கிறேன். அனுப்பு என்ற பொத்தான் வேலை செய்ததென்பதற்காக விண்ணப்பம் முழுமை என்று ஆகாது. ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு கோப்பையும் பெரிதாக்கித் திறந்து பாருங்கள், முடிந்தால் வேறு ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடதாசியில் அனுப்புகிறவர்களுக்கு இதைவிடப் படங்களின் தலையிடியும் உண்டு. ஒரே மாதிரி இரண்டு படம், 50க்கு 70 மில்லிமீட்டர். இந்தியா விசாவுக்கு எடுத்த சதுரப் படம் மிச்சம் இருக்கிறது என்று அதை வைக்காதீர்கள்.

கட்டின காசு போச்சுதோ?

முதலில் திருப்பி வந்த கடிதத்தில் கட்டணம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள், வாசிக்காமல் இரண்டாம் தரம் கட்ட ஓடாதீர்கள். பெரியவர் ஒருவரின் கட்டணத்தில் இரண்டு துண்டு இருக்கிறது: 530 டொலர் பரிசீலனைக்கு, மிச்சம் குடியுரிமை உரிமைக் கட்டணம். பரிசீலனை தொடங்கிவிட்டால் முதல் துண்டு திரும்ப வராது. குடியுரிமை கிடைக்காவிட்டால் இரண்டாவது துண்டு வரும்.

அந்த இரண்டாவது துண்டு 100 டொலராக இருந்து 2025 மார்ச் 31இல் 119.75 ஆனது, அப்போது மொத்தம் 649.75. அந்த நேரம் பழைய 630 டொலரைக் கட்டி ரசீதை வைத்தவர்களும் குறை விண்ணப்பக்காரர்கள்தான். பக்கத்து வீட்டார் போன வருடம் கட்டியதைக் கேட்டுக் கட்டாமல், கட்டும் நாளில் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில் இருக்கிற தொகையைப் பார்த்துக் கட்டுங்கள்.

விட்ட பேப்பரை மட்டும் கவருக்குள்ள வைச்சுத் திருப்பி அனுப்பினால் போதும்தானே?

இதில்தான் கனபேர் இரண்டாம் தரமும் மாட்டுகிறார்கள். படிவத்தில் பழைய கையொப்பம் இருக்கும், அது மேலே சொன்ன 90 நாளைத் தாண்டியிருக்கும், அது மட்டுமே இன்னொரு தரம் திருப்பி அனுப்பப் போதுமான காரணம். திரும்பி வந்து கிடந்த காலத்தில் படிவத்தின் பதிப்பு மாறியிருக்கலாம், உங்கள் முகவரி மாறியிருக்கலாம், நீங்கள் ஒரு கல்யாணத்துக்கு லண்டன் போய் வந்திருக்கலாம்.

புதிதாகக் கையொப்பம் போட்டால் அந்த நாளில் இருந்து 5 வருடத்தைப் பின்னோக்கி எண்ண வேண்டும். அதனால் கனடாவில் இருந்த நாட்களை எண்ணித் தருகிற நாட்கணிப்பானையும் திரும்பச் செய்து, புதுக் கணிப்பை அச்செடுத்து வைக்க வேண்டும். படிவத்தில் ஒரு திகதி, கணிப்பில் இன்னொரு திகதி என்று அனுப்பாதீர்கள்.

அப்ப என்ர நாள் கூடுமோ குறையுமோ?

ஆளைப் பொறுத்தது. 5 வருடம் என்பதை ஒரு ஜன்னல் மாதிரி நினையுங்கள், நீங்கள் கையொப்பம் தள்ளிப்போடப் போட அந்த ஜன்னல் முன்னுக்கு நகரும். முன்பக்கத்தில் புது நாட்கள் உள்ளே வரும், பின்பக்கத்தில் பழைய நாட்கள் வெளியே விழும். மூன்று வருடத்துக்குச் சற்று முன் நேரே பி.ஆருடன் வந்திறங்கிய ஒருவருக்குப் பின்பக்கத்தில் விழுவது கனடாவில் இல்லாத நாட்கள், விழுந்தால் என்ன. அவருக்குக் கூடும்.

இன்னொருவரைப் பாருங்கள். பி.ஆர் எடுத்து எட்டு வருடம், நடுவில் கட்டாரில் வேலை, திரும்பி வந்து 1100 நாள் சேர்ந்ததும் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டுத் திரும்பவும் கட்டாருக்குப் போய்விட்டார். மூன்று மாதம் கழித்து விண்ணப்பம் குறை என்று திரும்பி வருகிறது. புதுக் கையொப்பத்துக்கு எண்ணினால் பின்பக்கத்தில் கனடாவில் இருந்த 90 நாள் விழுந்துவிட்டது, முன்பக்கத்தில் வந்தது முழுக்கக் கட்டார். 1010. இப்போது அவருக்குத் தகுதியே இல்லை, ஒரு விடுபட்ட அடையாள அட்டைப் பிரதியால். ஏ.ஓ.ஆர் வரும்வரை நீண்ட பயணம் போகாதீர்கள் என்று நான் வாய் வலிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எண்ணும்போது இரண்டு விடயம். புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் கனடாவில் இருந்த நாட்களாகவே கணக்கு, எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் பஃபலோவுக்குக் காலை போய் மாலை வந்தால் ஒன்றும் குறையாது. பி.ஆருக்கு முன் மாணவராகவோ வேலை அனுமதியிலோ, அகதியாக ஏற்கப்பட்ட பிறகோ இருந்த நாட்கள் அரை நாளாகச் சேரும், கூடியது 365 நாள். அகதிக் கோரிக்கை போட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம் சேராது, அதையும் சேர்த்து எண்ணி வருகிறவர்கள் எங்கள் ஆட்களில் நிறைய.

நாலு பேரும் ஒரே கவரில போட்டம். மனுசியின்ர பேப்பர்தான் குறை, ஏன் நாலும் திரும்பி வந்தது?

ஒரே கவரில் ஒன்று குறை என்றால் எல்லாவற்றையும் திருப்பி அனுப்புவதுதான் அவர்கள் வழக்கம், அவர்களின் வழிகாட்டியிலேயே அப்படித்தான் இருக்கிறது. ஆகவே நாலு பேருக்கும் புதுக் கையொப்பம், பெரியவர்களுக்குப் புதுக் கணிப்பு. ஒருவரின் கோவை கொஞ்சம் சிக்கல் என்றால், உதாரணமாக அவருக்கு மட்டும் வெளிநாட்டுப் பொலிஸ் அறிக்கை வர வேண்டியிருக்கிறது என்றால், மற்றவர்கள் தனியாகப் போடலாமா என்று குடும்பமாக இருந்து யோசியுங்கள். சின்னப்பிள்ளையை மட்டும் ஒரு பெற்றோரோடு சேர்த்து விடுங்கள்.

பிள்ளைகளின் படிவத்தில் அடிக்கடி விடுபடுவது ஒன்று: 14 வயது முடிந்த பிள்ளை தானும் கையொப்பம் போட வேண்டும். அப்பா போட்டுவிட்டார் என்று விட்டுவிடுகிறார்கள்.

மகனுக்கு 17 வயசில போட்டது, திரும்பி வரேக்க 18 ஆகிட்டுது. என்ன செய்யிறது?

இனி அவர் பெரியவர். பிள்ளைக்கான படிவம் செல்லாது, 100 டொலர் கட்டணமும் இல்லை. பெரியவர்களின் படிவம், முழுக் கட்டணம், 1095 நாள், மொழிச் சான்று, குடியுரிமைத் தேர்வு எல்லாம் அவருக்கும் வரும். இங்கே உயர்நிலைப்பள்ளி படித்திருந்தால் மொழிச் சான்று சுலபம். தேர்வு 20 கேள்வி, 15 சரியாக இருந்தால் போதும், பெடியங்களுக்கு அது விளையாட்டு. நாட்கள்தான் பிரச்சினை, படிக்கவென்று ஒரு வருடம் வெளியில் போன பிள்ளை என்றால் எண்ணிப் பாருங்கள்.

எதிர்ப்பக்கத்தில் இதே கணக்கு நன்மையும் செய்யும். 54 வயதில் போட்டுத் திரும்பி வந்த ஒரு அக்கா, 55 முடிந்து மூன்றாம் நாள் புதிதாகக் கையொப்பமிட்டார். மொழிச் சான்றும் இல்லை, தேர்வும் இல்லை. சிரித்துக்கொண்டே போனார்.

அம்மாவைப் பார்க்க யாழ்ப்பாணத்தில 7 மாசம் நிண்டனான். பொலிஸ் ரிப்போர்ட் வைக்கேல்லை எண்டு திருப்பிட்டாங்கள்.

கையொப்பத்துக்கு முந்திய 4 வருடத்தில் ஒரு நாட்டில் தொடர்ந்து 183 நாள் அல்லது அதற்கு மேல் இருந்திருந்தால் அந்த நாட்டுப் பொலிஸ் சான்றிதழ் கேட்பார்கள். நீங்கள் கேள்விக்கு "ஆம்" என்று நேர்மையாகப் போட்டுவிட்டுச் சான்றிதழை வைக்கவில்லை. இலங்கைப் பொலிஸில் விண்ணப்பித்து எடுங்கள். எடுக்கவே முடியாத நாடு என்றால் ஏன் முடியவில்லை என்று ஒரு விளக்கம் எழுதி, முயன்றதற்கான ஆதாரத்தோடு வையுங்கள், வெறுமையாக விடாதீர்கள்.

இதைக் கேட்டவுடன் "அப்ப இல்லை எண்டு போட்டிருக்கலாமே" என்று சிலர் கண்ணைச் சிமிட்டுவார்கள். கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

பிள்ளையின்ர பிறப்புப் பத்திரம் தமிழில இருக்கு. என்ர தம்பி இங்க மொழிபெயர்ப்பாளர், அவர் செய்தால் சரிதானே?

சரியில்லை. குடும்பத்தவர் செய்த மொழிபெயர்ப்பு ஏற்கப்படாது, அவர் சான்றிதழ் பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஆனாலும், சட்டத்தரணி ஆனாலும். மாமா, சித்தி, மச்சான், பெறாமகள் வரை இந்தப் பட்டியல் நீளும். வெளியார் ஒருவர் செய்ய வேண்டும், அவர் மொழிபெயர்ப்பாளர் சங்கத்தில் சான்றிதழ் பெற்றவர் இல்லையென்றால் சத்தியக் கடதாசியும் வேண்டும். மூலப் பத்திரத்தின் பிரதியும் கூடவே போக வேண்டும், மொழிபெயர்ப்பை மட்டும் அனுப்பிவிட்டு மூலத்தை வீட்டில் பத்திரமாக வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

பெயர் மாறி மாறி இருப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பா பெயர் முன்னுக்கு, தன் பெயர் பின்னுக்கு, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர், பி.ஆர் கார்டில் இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக: நமக்கு இது இயல்பு, அவர்களுக்கு இவை நாலு ஆட்கள். வேறு பெயர்கள் என்ற பெட்டியில் எல்லா வடிவத்தையும் எழுதுங்கள். கடவுச்சீட்டு இல்லாமல் இருந்த காலத்துக்கும் அப்படியே, ஏன் இல்லை என்று இரண்டு வரி எழுதுங்கள்.

ஏ.ஓ.ஆர் வந்திட்டுது. பிறகு ஒரு கடிதம் வந்ததாம், நான் வீடு மாறினதால பார்க்கேல்லை. இப்ப கோவையை மூடிட்டாங்களாம்.

நான் முன்னால் சொன்ன இரண்டாவது விதி இது. உள்ளே எடுத்த பிறகு குறை தெரிந்தால் திருப்பி அனுப்ப மாட்டார்கள், மேலதிகத் தகவலோ ஆதாரமோ கேட்டு ஒரு கால எல்லை போடுவார்கள். நியாயமான காரணம் இல்லாமல் அதற்குள் கொடுக்காவிட்டால், 13.2ஆம் பிரிவின்படி நீங்களே விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கருதலாம். தேர்வுக்கோ நேர்காணலுக்கோ சத்தியப்பிரமாணத்துக்கோ வராவிட்டாலும் அப்படியே. கைவிட்டதென்றால் மேற்கொண்டு ஒன்றும் நடக்காது, புதிதாகத்தான் போட வேண்டும், பரிசீலனைக் கட்டணம் திரும்பாது.

கால எல்லைக்குள் ஆவணம் கிடைக்காது என்று தெரிந்தால் எல்லை முடிய முன்பே காரணத்தோடு எழுதி அவகாசம் கேளுங்கள். முடிந்த பிறகு ஆஸ்பத்திரிக் கடிதம் காட்டுவதைவிட முடிய முதல் இரண்டு வரி எழுதுவது பலம். வீடு மாறினால் அன்றே முகவரியை மாற்றுங்கள். கோவை ஏற்கனவே மூடப்பட்டு, உங்களிடம் உண்மையான காரணமும் இருந்தால் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போக அனுமதி கேட்கலாம், அதற்கு 30 நாள்தான். அது நூலக மேசை வேலை இல்லை, அன்றைக்கே சட்டத்தரணியிடம் போங்கள்.

ஒரு ஏஜெண்டுக்கு 400 டொலர் குடுத்து நிரப்பினது. அவர் ரெண்டு ட்ரிப்பை விட்டுட்டார், "குறைச்சுப் போட்டால்தான் கெதியா வரும்" எண்டவர். இது குறை விண்ணப்பமோ?

இல்லை, இது வேறு சாதி. விடுபட்டது குறை, மறைத்தது பொய். குறைக்குக் கவர் திரும்பி வரும். பொய் பிடிபட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், 5 வருடத்துக்குத் திரும்பக் கேட்கவும் முடியாது. குடியுரிமை கிடைத்த பிறகு பிடிபட்டால் அதைப் பறிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. எல்லையில் உங்கள் போக்குவரத்து பதிவாகிறது, அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கையொப்பம் உங்களுடையது, ஏஜெண்டுடையது இல்லை.

காசு வாங்கி இந்த வேலை செய்ய உரிமம் வேண்டும்: சட்டத்தரணி, அல்லது குடிவரவு ஆலோசகர்களுக்கான கல்லூரியில் (பெயர்தான் கல்லூரி, உண்மையில் உரிமம் கொடுக்கிற அமைப்பு) பதிவானவர், அல்லது ஒன்ராறியோவில் உரிமம் உள்ள பாராலீகல். பிரதிநிதிப் படிவத்தில் தன் பெயரைப் போட மாட்டேன் என்கிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள். உங்களுக்கு இன்னும் ஏ.ஓ.ஆர் வந்திருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். எப்படியிருந்தாலும் அவர்கள் கண்டுபிடிக்க முதல், விடுபட்ட இரண்டு பயணத்தையும் திகதியோடு எழுதி, புதுக் கணிப்பையும் சேர்த்து நீங்களே அனுப்புங்கள். அதை அனுப்ப முதல் ஒரு சட்டத்தரணியிடம் ஒரு தரம் காட்டுங்கள், ஏஜெண்டிடம் திரும்பப் போகாதீர்கள்.